ரயரும் காற்றும்

கொழும்பு வெள்ளவத்தையிலே ஒரு வீட்டின் முற்றத்தை மனத்திற் கொள்ளலாம். பொழுது இன்னும் புலரவில்லை. யாழ்ப்பாணத்தில் நடைபெறவுள்ள ஒரு திருமணத்துக்குப் புறப்படுவதற்காகக் குடும்பத்தினர் மோட்டார் வண்டியைச் சூழ்ந்து நிற்கின்றனர். பெட்டிகள் யாவும் பின்புறத்தில் அடுக்கப்பட்டுவிட்டன. பெற்றோல் முதல்நாள் மாலையே நிரப்பப்பட்டது. எண்ணெயின் அளவு பார்த்தாயிற்று, தண்ணீர் ஊற்றியாயிற்று. வண்டியின் முகப்பிலே திருநீறும் சந்தனமும் துலங்குகின்றன. வீட்டிலுள்ள முதியவர் நான்கு தேசிக்காய்களை எடுத்து நான்கு சில்லுகளின் கீழும் வைக்கிறார். வண்டி அவற்றை நசுக்கிக்கொண்டு தெருவில் இறங்குகிறது. இனி ஏறக்குறைய 400 கிலோமீற்றர்ப் பயணம். வண்டியினுள்ளே ஐந்து உயிர்கள்.

இவ்வளவு கவனத்தோடு புறப்பட்டவர்கள் ஒன்றை மட்டும் மறந்துவிட்டனர். தேசிக்காய் வைப்பதற்காகச் சில்லின் அருகே குனிந்தவர், அந்தச் சில்லைச் சூழ்ந்துள்ள ரயரிலே எவ்வளவு காற்று இருக்கிறது என்று பார்க்கவில்லை. இது ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய மறதியன்று. இயந்திரம் நின்றால் வண்டி நின்றுவிடும். ஆதலின் இயந்திரத்தை எல்லோரும் கவனிக்கின்றனர். ரயரோ தன் குறையைச் சொல்லாமற் சுமந்துகொண்டே ஓடும். அது வாய் திறந்து சொல்லும் வேளையில், பெரும்பாலும் வண்டி விரைந்து சென்றுகொண்டிருக்கும்.

ஒரு மோட்டார் வண்டி நிலத்தைத் தொடுவது எவ்வளவு இடத்தில் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆட்களோடும் பொருள்களோடும் சேர்த்து வண்டியின் நிறை 1,200 கிலோகிராம் என்று கொண்டால், ஒவ்வொரு சில்லும் சுமப்பது ஏறக்குறைய 300 கிலோகிராம்; அதாவது 660 இறாத்தல். ரயரின் உள்ளே ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் 32 இறாத்தல் அழுத்தத்தில் காற்று இருந்தால், 660ஐ 32ஆல் வகுக்க வருவது ஏறக்குறைய 20 சதுர அங்குலம். ஒரு மனிதனின் உள்ளங்கை அளவுதான். அத்தகைய உள்ளங்கைகள் நான்கு. வண்டி ஓடுவதும், திரும்புவதும், நாய் குறுக்கிட்டதும் நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடியினாலேயே ஆகும். எவ்வளவு விலையுயர்ந்த பிறேக் ஆயினும், அது சில்லைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துவது ரயரும் நிலமும் ஒன்றையொன்று பற்றும் பற்றே.

இக்கணக்கிலிருந்து பிறிதோர் உண்மையும் பெறப்படும். வண்டியின் பாரத்தைப் பெரும்பாலும் சுமப்பது இறப்பரன்று. உள்ளே அடைபட்டுள்ள காற்றே. இறப்பரும், நூலும், உருக்குக் கம்பியும் அக்காற்றைச் சிறைப்படுத்தி வைக்கும் பை எனலாம். காற்று 20 இறாத்தலாகக் குறைந்தால், அதே 660 இறாத்தலைச் சுமப்பதற்கு 33 சதுர அங்குலம் நிலத்திற் படிய வேண்டும். ரயர் அவ்வளவுக்கு நசிந்து கொடுக்கிறது. அந்த நசிவிலேதான் ஆபத்து முளைக்கிறது.

காற்றைச் சில்லுக்குள் அடைக்கலாம் என்னும் எண்ணம் பழையது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ரொபேட் வில்லியம் தொம்சன் என்பவர் 1845ஆம் ஆண்டிலே காற்றடைத்த சில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் அதனைப் பயன்படுத்துவார் அதிகம் இல்லாமையால் அது மறக்கப்பட்டது. பின்னர், பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொயிட் டன்லப், தம் மகனுடைய முச்சக்கர வண்டி கல்வீதியிற் குலுங்குவதைக் கண்டு, அதன் சில்லுகளுக்குக் காற்றடைத்த இறப்பர்க் குழாயைச் சுற்றினார். 1888ஆம் ஆண்டிற் காப்புரிமையும் பெற்றார். 1895ஆம் ஆண்டு பிரான்சிலே பாரிசிலிருந்து போர்தோவுக்குச் சென்று மீளும் ஓட்டப் போட்டியில், மிச்சலின் சகோதரர்கள் காற்றடைத்த ரயர் பூட்டிய மோட்டார் வண்டியைச் செலுத்தினர். வழியெல்லாம் அவர்களுக்குக் காற்றுப் போயிற்று. எனினும் அத்தகைய ரயரில் மோட்டார் வண்டி ஓடும் என்பது உலகுக்குத் தெரிந்தது.

இலங்கைக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. பிரேசில் நாட்டிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட விதைகளிலிருந்து முளைத்த இறப்பர்க் கன்றுகள் 1876ஆம் ஆண்டு இங்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. இறப்பர் மரத்தை வளர்த்து, அதன் பாலெடுத்து, ரயர் செய்து பிற நாடுகளுக்கு அனுப்பும் நாடு இது. அத்தகைய நாட்டில் வாழ்வோர் ரயரின் இயல்பை அறியாதிருப்பது பொருந்தாது.

காற்றுக் குறைந்த ரயருக்கு நேர்வது யாது? சில்லு ஒருமுறை சுழலும்போது, ரயரின் பக்கச் சுவரின் ஒவ்வொரு பகுதியும் நிலத்தை நெருங்குகையில் ஒருமுறை மடிந்து, விலகுகையில் மீண்டும் நிமிர்கிறது. ஒரு கம்பியைப் பன்முறை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் அது கையைச் சுடுவதைச் சிறுவரும் அறிவர். ரயருக்கும் அதுவே நிகழ்கிறது. காற்றுச் சரியாயிருந்தால் மடிவு சிறிது, வெப்பமும் சிறிது. காற்றுக் குறைந்தால் மடிவு பெரிது, வெப்பமும் பெரிது. அவ்வெப்பம் இறப்பருக்கும் அதனுள்ளே பதிந்துள்ள நூல், உருக்குப் பட்டிகளுக்கும் இடையிலுள்ள பிணைப்பை மெல்ல மெல்லத் தளர்த்துகிறது. ஏற்றிய பாரமும், ஓடும் வேகமும், நண்பகல் வெயிலில் கொதிக்கும் தார்வீதியும் அதற்குத் துணைசெய்கின்றன. முடிவில் மேற்பட்டி உரிகிறது. அன்றேல் ரயர் வெடிக்கிறது. வெடித்த ரயரைக் கண்டவர்கள் வெயிலையோ வீதியையோ குறை கூறுவர். குறை பெரும்பாலும் பல வாரங்களுக்கு முன்னரே தொடங்கியிருக்கும்.

இதன் கொடுமையை அமெரிக்கா 2000ஆம் ஆண்டிற் கண்டது. ஒருவகை வண்டியிற் பூட்டப்பட்ட ரயர்கள் ஓடுகையிலே பட்டி உரிந்து, வண்டிகள் புரண்டன. அவ்விபத்துகளோடு தொடர்புபடுத்தப்பட்ட மரணங்கள் 270க்கு மேல் என அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு அதிகாரிகள் கணக்கிட்டனர். உற்பத்திக் குறையும் காற்றழுத்தக் குறைவும் அங்கே விவாதத்துக்கு உள்ளாயின. அதன் பயனாக இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ரயரிற் காற்றுக் குறைந்தால் சாரதிக்கு விளக்கினால் அறிவிக்கும் கருவி புதிய வண்டிகளில் கட்டாயமாயிற்று. இலங்கையில் ஓடும் புதிய வண்டிகள் பலவற்றிலும் அக்கருவி உண்டு. ஆயினும், அவ்விளக்கை நம்பிக் கவலையற்றிருப்பது தகாது. அச்சட்டம் வேண்டுவது, உரிய அழுத்தத்திற் காற்பங்கு குறைந்தபின் விளக்கு எரிதல் வேண்டும் என்பதே. அதாவது, 32 இறாத்தல் இருக்கவேண்டிய ரயர் 24 இறாத்தலுக்கு இறங்கிய பின்னரே விளக்கு எரியக்கூடும். அந்நிலை வரும்வரை ரயர் நலிந்துகொண்டே ஓடியிருக்கும்.

கண்ணாற் பார்த்து மதிக்கலாம் அன்றோ என்று சிலர் கேட்பர். முற்காலத்து ரயர்களில் அது ஓரளவு இயலும். இக்காலத்துக் கார்களிற் பூட்டப்படும் ரேடியல் ரயரின் பக்கச் சுவர் மெல்லியது. காற்றுச் சரியாக இருக்கும்போதே அடிப்பக்கம் சற்றுப் பிதுங்கித் தோன்றும். 32 இறாத்தல் உள்ளதும் 24 இறாத்தல் உள்ளதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். காலால் உதைத்துப் பார்ப்பதும் பயனற்றது. அளந்தே அறிய வேண்டும். அதற்கு வேண்டுவது சட்டைப்பையில் அடங்கும் ஓர் அழுத்தமானி. ரயரின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சிறிது.

எவ்வளவு காற்று அடிக்கவேண்டும்? பெற்றோல் நிலையத்திலே காற்றடிக்கும் இளைஞன், "எத்தனை அடிக்க, ஐயா?" என்று கேட்பான். "வழக்கமாய் அடிக்கிறதை அடி, தம்பி," என்று வண்டிக்காரர் கூறுவார். இருவருக்கும் அளவு தெரியாது. இருவரும் மற்றவருக்குத் தெரியும் என்று நம்புகின்றனர். விடையோ வண்டியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சாரதியின் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். சில வண்டிகளில் அது பெற்றோல் மூடியின் உட்புறத்தில் இருக்கும். முன் சில்லுக்கு எவ்வளவு, பின் சில்லுக்கு எவ்வளவு, ஆட்கள் நிறைந்திருக்கையில் எவ்வளவு என்பன அதிற் குறிக்கப்பட்டிருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 35 இறாத்தல் வரை அமையும். ரயரின் பக்கத்திலும் ஓர் அழுத்தம் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டு அதனையே அடிப்பவரும் உளர். அது அந்த ரயர் தாங்கக்கூடிய உச்ச அளவேயன்றி வண்டிக்கு ஏற்ற அளவன்று.

அளக்கும் நேரமும் முக்கியமானது. ரயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். வண்டி மூன்று மணி நேரமாயினும் நின்றிருக்க வேண்டும். அன்றேல் இரண்டு கிலோமீற்றருக்குள் மெல்ல ஓடியதாய் இருக்க வேண்டும். காற்றுச் சூடேறினால் விரியும் இயல்புடையது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால், ஒரு காரின் ரயரில் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை இறாத்தல் ஏறும். நெடுந்தூரம் ஓடிய ரயரில் நான்கைந்து இறாத்தல் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. அதைக் கண்டு அஞ்சிக் காற்றை வெளியேற்றுவது பெரும் பிழை. ரயர் குளிர்ந்ததும் அழுத்தம் உரிய அளவுக்குக் கீழே போய்விடும். எனவே, விடியற்காலையில், வண்டியை எடுக்குமுன் வீட்டிலேயே அளப்பது சிறந்தது. வீட்டில் அளந்து, குறைவு எத்தனை இறாத்தல் என்று குறித்துக்கொண்டு, அண்மையிலுள்ள நிலையத்தில் அத்தனை இறாத்தல் கூட்டி அடிப்பித்தால் கணக்குத் தவறாது.

ஆணி குத்தாத ரயரிலும் காற்றுக் குறையும். இறப்பர் முற்றிலும் புகாத பொருளன்று; மாதமொன்றுக்கு ஓரிரு இறாத்தல் அதனூடே கசிந்து போவது இயல்பு. ஆறு மாதம் பாராதிருந்தால், குற்றமற்ற ரயரிலும் எட்டுப் பத்து இறாத்தல் குறைந்திருக்கலாம். ஆதலின் மாதம் ஒருமுறையும், நெடும்பயணத்துக்கு முன் ஒவ்வொரு முறையும் அளத்தல் வேண்டும். காற்றடித்தபின் வால்வின் வாயிற் சிறிது சவர்க்கார நீரைத் தடவிக் குமிழ் எழுகிறதா என்று பார்த்து, சிறிய மூடியைத் தவறாமற் பூட்டவேண்டும். தூசியும் மணலும் வால்வினுள்ளே புகாமற் காப்பது அந்த மூடியே. வால்வும் இறப்பராலானதாயின், ரயர் மாற்றும்போது அதனையும் மாற்றிவிட வேண்டும்.

காற்று அளவுக்கு மிஞ்சினாலும் தீமையே. ரயரின் நடுப்பகுதி மட்டும் நிலத்திற் படும், பிடிப்புக் குறையும், குழியில் விழுந்தால் உள்ளிருக்கும் நூல்கள் எளிதில் அறும்.

காற்றுக்கு அடுத்துக் கவனிக்கவேண்டியது ரயரின் மேற்பரப்பிலுள்ள பள்ளங்கள். அவை அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. மழைக்காலத்தில் சில்லுக்கும் வீதிக்கும் இடையே அகப்படும் நீர் வெளியேறுவதற்கான வாய்க்கால்கள் அவை. புதிய கார் ரயரில் அப்பள்ளம் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் ஆழம் இருக்கும். பிரித்தானியா முதலிய பல நாடுகளில் 1.6 மில்லிமீற்றருக்குக் குறைந்த ரயரோடு காரைச் செலுத்துவது சட்டப்படி குற்றமாகும். இதனை அறிவதற்குக் கருவி வேண்டியதில்லை. பள்ளங்களின் அடியிலே ஆங்காங்கு சிறு மேடுகள் அமைக்கப்பட்டிருக்கும். மேற்பரப்புத் தேய்ந்து அம்மேட்டோடு சமமானால், ரயரின் ஆயுள் முடிந்தது என்பது பொருள். மழை மிகுந்த நாட்டிலே அந்த எல்லை வரும்வரை காத்திராது, 3 மில்லிமீற்றர் அளவில் மாற்றுவதே விவேகம். ஒரு தீக்குச்சியின் மருந்துத் தலையைப் பள்ளத்தில் நிறுத்திப் பார்த்தால், ஏறக்குறைய அந்த அளவு புலப்படும். தலை முழுவதும் மறையாவிடின், புதிய ரயருக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம்.

நீர் வெளியேற வழியில்லாதபோது, ரயர் நிலத்தை விட்டு நீரின்மேல் எழும்பி மிதக்கிறது. அப்போது சுக்கானைத் திருப்பினும் வண்டி திரும்பாது. பிறேக்கை மிதிப்பினும் நில்லாது. 1960களில் அமெரிக்க நாசா நிறுவனத்தின் ஆய்வாளர்கள், வானூர்திகள் நீர் தேங்கிய ஓடுபாதையில் இறங்கும்போது நேரும் இவ்வழுக்கலை ஆராய்ந்தனர். ரயரிலுள்ள காற்றழுத்தம் குறையக் குறைய, அது மிதக்கத் தொடங்கும் வேகமும் குறைகிறது என்று அவர்கள் கண்டனர். அவர்கள் வகுத்த விதியின்படி, 32 இறாத்தல் காற்றுள்ள ரயர், தேங்கிய நீரில் மணிக்கு ஏறக்குறைய 94 கிலோமீற்றர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். 20 இறாத்தல் உள்ளதோ ஏறக்குறைய 74 கிலோமீற்றரிலேயே மிதந்துவிடும். நல்ல பள்ளங்கள் உள்ள கார் ரயர் இதனிலும் சற்றுத் தாங்கலாம். மொட்டை ரயர் தாங்காது. மார்கழி மழையில் வன்னிப் பெருவீதியில் விரைபவரும், கொட்டாவையிலிருந்து காலிக்குச் செல்லும் அதிவேகப் பாதையில் மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓடுபவரும் இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்தல் நன்று.

பள்ளம் எவ்வளவு தேய்ந்தது என்பதோடு, எவ்விடத்திற் தேய்ந்தது என்பதும் ஒரு செய்தி. வைத்தியர் நாடி பார்ப்பதுபோல, அனுபவமுள்ளவர் ரயரின் தேய்வைப் பார்த்து வண்டியின் நோயைச் சொல்வர். இரு ஓரங்களும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால், காற்றுக் குறைவாக ஓடியது. நடு தேய்ந்து ஓரங்கள் உயர்ந்திருந்தால், காற்று மிகுதியாக ஓடியது. ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், சில்லுகளின் நேர் பிசகியிருக்கிறது. கராஜில் அதனை நேர்ப்படுத்த வேண்டும். இடையிடையே குழிவிழுந்தாற்போலத் தேய்ந்திருந்தால், அதிர்ச்சி தாங்கும் கருவி பழுதடைந்ததோ, சில்லு சமநிலை இழந்ததோ ஆகலாம். நோயைத் தீர்க்காமல் ரயரை மட்டும் மாற்றினால், புதியதும் அவ்வாறே தேயும்.

மூன்றாவதாகப் பார்க்கவேண்டியது பக்கச் சுவர். அங்கே ஒரு வீக்கம் தென்பட்டால், குழியிலோ வீதியோரக் கல்லிலோ மோதி உள்ளிருக்கும் நூல்கள் அறுந்துவிட்டன என்பது கருத்து. அந்த இடத்தில் இறப்பர் மட்டுமே காற்றைத் தடுத்து நிற்கிறது. அத்தகைய ரயரை எவ்வளவு புதியதாயினும் கழற்றிவிட வேண்டும். அதற்கு ஒட்டு இல்லை. மெல்லிய வெடிப்புகள் தோன்றின், அது முதுமையின் அறிகுறி.

ரயருக்கு முதுமை ஓட்டத்தினால் மட்டும் வருவதில்லை; காலத்தினாலும் வரும். வெயிலும் வெப்பமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் இறப்பரை இறுகச் செய்கின்றன. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது மட்டும் ஓடுவதற்காக, ஆண்டு முழுவதும் முற்றத்தில் நிறுத்திவைக்கப்படும் வண்டிகள் உண்டு. அவற்றின் ரயர்களிற் பள்ளங்கள் புதியன போலவே இருக்கும், இறப்பரோ முதிர்ந்திருக்கும். வயதை அறிய வழி உண்டு. பக்கச் சுவரிலே டி, ஓ, ரி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் அது செய்யப்பட்டது. ஒரு பக்கத்தில் அவ்விலக்கங்கள் காணப்படாவிடின், மறுபக்கத்தில் இருக்கும். ஐந்து ஆண்டு கடந்த ரயரை ஆண்டுதோறும் அறிந்தவரிடம் காட்டுவதும், பத்து ஆண்டு கடந்ததை எந்நிலையில் இருப்பினும் கைவிடுவதும் உற்பத்தியாளர் பலர் கூறும் அறிவுரை. கடையிற் புதிய ரயர் வாங்கும்போதும் இவ்விலக்கங்களை முதலிற் பார்ப்பது புத்திசாலித்தனம்.

அதே பக்கச் சுவரில் அளவும் பொறிக்கப்பட்டிருக்கும். 185/65 ஆர் 15 88 எச் என்பதை எடுத்துக்கொண்டால், 185 என்பது ரயரின் அகலம் மில்லிமீற்றரில். 65 என்பது அவ்வகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை வீதம் என்பது. ஆர் என்பது ரேடியல் வகை. 15 என்பது றிம்மின் விட்டம் அங்குலத்தில். 88 என்பது அந்த ரயர் 560 கிலோகிராம் சுமக்கும் என்பதற்கான குறி. எச் என்பது மணிக்கு 210 கிலோமீற்றர் வேகம் வரை தாங்கும் என்பதற்கான குறி. மலிவாகக் கிடைக்கிறது என்று இவற்றிற் குறைந்ததைப் பூட்டுவது ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதாகும்.

ஆணி குத்தினால் என்ன செய்வது? மேற்பரப்பின் நடுப்பகுதியில், 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத துளையாயின், ரயரை றிம்மிலிருந்து கழற்றி, உட்புறத்தைச் சோதித்து, உள்ளிருந்து ஒட்டுவதே முறையான பழுதுபார்ப்பு. வெளியிலிருந்து திணிக்கும் திரி, அடுத்த ஊர் சென்று சேர்வதற்கு உதவும் தற்காலிக உபாயமே. ஓரத்திலோ பக்கச் சுவரிலோ குத்தியிருந்தால் ஒட்டுதல் ஆகாது. காற்று முற்றாகப் போனபின்னும் சிறிது தூரம் ஓட்டிச் சென்ற ரயரை ஒட்டுமுன் உட்புறம் பார்ப்பது இன்றியமையாதது. பக்கச் சுவர் நொறுங்கி, உள்ளே கரிய இறப்பர்த் தூள் உதிர்ந்திருந்தால் அதனை மீண்டும் நம்பலாகாது.

வண்டியிலுள்ள ஐந்தாவது சில்லை நினைப்பவர் மிகச் சிலர். ஆபத்து வேளையில் வெளியே எடுத்தால் அதிலும் காற்றிராது. மாதந்தோறும் நான்கை அளக்கும்போது ஐந்தையும் அளத்தல் வேண்டும். சில வண்டிகளில் மெல்லிய தற்காலிகச் சில்லு இருக்கும். அதற்குப் பெரும்பாலும் 60 இறாத்தல் காற்று வேண்டும். மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் அதில் ஓடலாகாது. இன்னும் சில புதிய வண்டிகளில் சில்லே இல்லாது, துளையடைக்கும் பசையும் சிறு காற்றுப் பம்பியும் மட்டுமே உண்டு. எது இருக்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது, நள்ளிரவிலே காட்டுவழியிற் பார்ப்பதிலும் நன்று. சில்லு மாற்றியபின் நட்டுகளை ஒன்றுக்கு எதிரே உள்ளதை அடுத்து என மாறிமாறி இறுக்கி, 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் மீண்டும் ஒருமுறை இறுக்கம் பார்த்தல் வேண்டும்.

ஏறக்குறைய 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன் ரயர்களைப் பின்னுக்கும் பின்னவற்றை முன்னுக்கும் மாற்றினால் அவை சமமாகத் தேயும். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி உள்ளவற்றைப் பக்கம் மாற்றலாகாது. இரண்டு ரயர் மட்டும் புதிதாக வாங்க வசதியிருப்பின், அவற்றைப் பின் சில்லுகளுக்கே பூட்ட வேண்டும். முன் சில்லு வழுக்கினால், வேகத்தைக் குறைத்துச் சாரதி சமாளிக்க இடமுண்டு. பின் சில்லு வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

சிக்கனம் கருதுவோருக்கும் இதிற் பயனுண்டு. காற்று ஒவ்வோர் இறாத்தல் குறையும்போதும் எரிபொருட் செலவு ஏறக்குறைய 0.2 வீதம் கூடும் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. அது சிறிதாகத் தோன்றலாம். 2022ஆம் ஆண்டிலே பெற்றோலுக்காக இரவும் பகலும் வரிசையில் நின்றவர்கள் ஒரு லீற்றரின் அருமையை அறிவர். ரயரின் ஆயுள் குறைவதால் வரும் நட்டம் அதனிலும் பெரிது.

எல்லாம் செய்தும் ஓடும் வழியில் ரயர் வெடித்தால், பிறேக்கை உடனே மிதித்தல் ஆகாது. மனம் அதனையே செய்யத் தூண்டும். அதுவே வண்டியைப் புரட்டும். சுக்கானை இரு கைகளாலும் உறுதியாகப் பற்றி, வண்டியை நேரே செல்லவிட்டு, வேகமிதியிலிருந்து காலை மெல்ல எடுத்தால் வேகம் தானாகவே குறையும். நன்கு குறைந்தபின் மெதுவாக வீதியோரம் ஒதுங்கி நிற்கலாம்.

வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்ட வண்டி இப்போது முறிகண்டிப் பிள்ளையார் கோயிலை அடைகிறது. அவ்வழிச் செல்லும் வண்டிகள் பெரும்பாலும் அங்கே நின்றே செல்லும். குடும்பத்தினர் இறங்கித் தேங்காய் உடைக்கின்றனர், கடலை வாங்குகின்றனர். அருகே நின்ற லொறியின் சாரதி, தன் வண்டியைச் சுற்றிவந்து ஒவ்வொரு ரயரையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார். அதைக் கண்ட குடும்பத் தலைவரும் தம் வண்டியின் ரயர்களைத் தொட்டுப் பார்க்கிறார். மூன்று இளஞ்சூடாக இருக்கின்றன. இடப்பக்கப் பின் ரயர் மட்டும் கையைச் சுடுகிறது. மற்றவற்றிலும் மிகுதியாகச் சூடேறிய ரயர், தன் காற்றுக் குறைவைத் தானே கூறுகிறது. குனிந்து பார்த்தால் பள்ளத்தினுள்ளே ஒரு சிறிய ஆணி. அடுத்த ரயர் ஒட்டும் கடைக்குச் செல்லுமுன் பின்பெட்டியைத் திறந்து ஐந்தாவது சில்லை எடுக்க வேண்டியதாயிற்று. நல்லூழாக அதிற் காற்று இருந்தது.

அரைமணி நேரம் தாமதித்து அவர்கள் திருமண வீட்டை அடைந்தனர். அந்த ஆணி என்று குத்தியது என்பதை எவரும் அறியார். வீட்டு முற்றத்தில், தேசிக்காய் வைக்கக் குனிந்த அந்த வேளையில் அழுத்தமானியையும் வைத்துப் பார்த்திருந்தால், அன்று காலையே அது தெரிந்திருக்கும். ஐந்து சில்லுகளையும் அளக்கப் பத்து நிமிடம் போதும். தேசிக்காயை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. குனிந்தவர் குனிந்தபடியே மற்றதையும் செய்துவிடலாம்.

ரயரின் பணி முடிந்தபின்னும் ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. கழற்றிய ரயரை வீட்டுக் கோடிப்புறத்தில் எறிந்துவிட்டால், அதனுள்ளே மழைநீர் தேங்கும். டெங்கு நுளம்பு அங்கே பெருகும். 2017ஆம் ஆண்டில் இலங்கையிலே டெங்கு நோயாளர் என ஐயுறப்பட்டுப் பதிவானோர் 186,000க்கு மேற்பட்டவர். பழைய ரயரைக் கடையிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டில் வைத்திருப்பின் நீர் தேங்காதவாறு துளையிட்டோ, கூரையின்கீழ் வைத்தோ காக்க வேண்டும். வீதியிலே உயிரைச் சுமந்த பொருள், முற்றத்திலே உயிரை வாங்கும் பொருளாக மாற இடமளித்தல் ஆகாது.